தேன் மட்டும்

அப்பாவின் கால் கட்டைவிரல்களை விஜயம்தான் சேர்த்துக் கட்டினாள். பழைய வேட்டியின் கரையைக் கிழித்துத் தந்தது அடுத்த வீட்டு சுசீலாபாய். முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவது நின்றது.

"இத்தனை இறுக்க வேண்டாம், விஜயம்."

"இறுக்கலைன்னா விலகிடும்."

அனந்தபத்மநாபன் விடிவதற்குச் சற்று முன் இறந்திருந்தார். கொல்லைக்குப் போக எழுந்தவர் சுவரைப் பிடித்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். இரண்டு மூன்று நாளாக வாந்தி இருந்தது. கஞ்சியும் குளுக்கோஸ் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். தெரு டாக்டர் வந்து நாடி பிடித்து, ஹார்ட் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அறுபது கடந்தவர், வருஷக்கணக்காக மூச்சிழுப்பு உள்ளவர். கரமனைத் தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

விஜயம் ஆச்சரியப்பட்டாள். இழுப்புக்காரர் இழுப்பில் போகவில்லை.

கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. அம்மா பாகீரதி சுவரோரம் உட்கார்ந்து விளக்கின் திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் அழவில்லை.

வாசலில் ஆண்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேச்சு கூடத்தில் கேட்டது.

"சேஷனுக்குச் சொல்லியாச்சா?"

"ஆள் போயிருக்கு."

"வருவனோ?"

"வராம? கொள்ளி வைக்க வேற யார் இருக்கா? ஒத்தைப் பொண்ணு. அதுக்கும் ஒரு மாப்பிள்ளை வரலை."

"அந்தப் பொண்ணுதானே அவன் கடைக்கு சீல் வெச்சது?"

"அவளா வெச்சா? சர்க்காராக்கும் வெச்சது."

"சர்க்காருக்கு யார் சொன்னா?" இது எதிர்வீட்டு ஸ்ரீகண்டன் மாமாவின் குரல்.

விஜயம் வாசலுக்கு வந்தாள்.

"நான்தான் சொன்னேன், மாமா. சாஸ்திரிகள் வந்தா உள்ளே அனுப்புங்கோ."

திரும்பி உள்ளே போனாள். பெஞ்சில் ஒருவர் பேச்சை மாற்றி ரயில் நேரம் கேட்டார்.

சேஷன் அப்பாவின் தம்பி. பழவங்காடிப் பிள்ளையார் கோவிலடியில் கடை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருகிறவர்கள் உடைத்துவிட்டு நேரே அவர் கடைக்கு வருவார்கள். சேஷா சுவாச சூரணம். வேளைக்கு ஒரு பொட்டலம், தேனில் குழைத்து மூன்று வேளை சாப்பிட வேண்டும். நாகர்கோவிலிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் இழுப்புக்காரர்கள் தேடி வந்தார்கள். சில நாளில் மூச்சு திறந்தது. அதில் பொய்யில்லை. பொய் லேபிளில் இருந்தது. 'மூலிகைகள் மட்டும் சேர்ந்தது. வேறு எந்த மருந்தும் சேராதது.'

ஒரு வருஷமாக அப்பாவின் முகம் உப்பிக்கொண்டு வந்தது. கையும் காலும் மெலிந்தன. பார்த்தவர்கள், பென்ஷன் வாங்கி உடம்பு தேறிவிட்டது என்றார்கள். விஜயத்துக்கு வேலை சர்க்கார் மருந்துப் பரிசோதனைக் கூடத்தில். அவள் அந்தக் கன்னங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒரு பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். மதிய இடைவேளையில் பொடியைக் கரைத்தாள், வடிகட்டினாள், உலர்த்தினாள், அமிலம் விட்டாள். அடர்த்தியாகச் சிவந்தது. ஆடாதோடையும் திப்பிலியும் அப்படிச் சிவக்காது. யாரோ அதில் ஸ்டீராய்டைக் கலந்திருந்தார்கள். யார் என்று கேட்கவேண்டியதில்லை.

அவள் இன்ஸ்பெக்டர் நாகேஸ்வரனிடம் போனாள். எமர்ஜென்சி வருஷம். ஆபீசுகளில் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள், ஃபைல்கள் நகர்ந்தன. அந்த வாரமே ஜீப் பழவங்காடியில் நின்றது. சரக்கை எடுத்தார்கள். கடையைப் பூட்டி அரக்கு வைத்தார்கள். முறைப்படி எடுத்த சாம்பிள் லாபுக்கு வந்தபோது விஜயம், இது என் சித்தப்பா சரக்கு, என் மேஜைக்கு வரக்கூடாது என்று எழுதிக்கொடுத்தாள். அது வேறு மேஜைக்குப் போனது.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா பொட்டலத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, லேபிளை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். மலையாளத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. அச்சகத்தில் முப்பது வருஷம் ப்ரூஃப் பார்த்தவர்.

"இது நான் பார்த்த ப்ரூஃப்," என்றார்.

"தெரியும், அப்பா."

"சேஷன் கொண்டுவந்து கொடுத்தான். அச்சுக்குப் போகலாம்னு கையெழுத்துப் போட்டது நானாக்கும்."

"எழுத்தைத்தானே பார்த்தேள். உள்ளே என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"கேளுங்கோ. இதை ஒரேயடியா நிறுத்தப்படாது. இத்தனை நாள் சாப்பிட்டப்புறம் உடம்பு தானா சுரக்கவேண்டியதைச் சுரக்காம இருக்கும். நிறுத்தினா ஆபத்து. மெடிக்கல் காலேஜ் டாக்டர் லீவு முடிஞ்சு பத்து நாள்லே வரார். அவர் பார்த்து மெல்லக் குறைப்பார். அதுவரைக்கும் இதே மாதிரி மூணு வேளை. மனசிலாச்சா?"

"ஆச்சு," என்றார் அப்பா.

மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் அவர் பொட்டலத்தைப் பிரித்தார். தேன் பாட்டிலை எடுத்தார். சமையலறைக்குப் போனார். விஜயம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது விரலை நக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

சேஷன் வந்தார். செருப்பைத் தெருவிலேயே விட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். அண்ணாவின் காலடியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பெரிய உடம்பு, பெரிய குரல் கொண்டவர். குரல் வெளியே வரவில்லை.

பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விஜயத்தைப் பார்த்தார்.

"என் பொடி சாப்பிட்டவரைக்கும் நன்னா இருந்தார்."

விஜயம் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள்.

"பத்து வருஷம். ஒருநாள் ஆஸ்பத்திரிப் படி ஏறலை. நீ கைவெச்சே, ஒரு வாரம் தாங்கலை."

"நான் நிறுத்தச் சொல்லலை, சித்தப்பா. கடைசி வரைக்கும் சாப்பிட்டார்."

"அப்போ எதிலே போனார்?"

"தெரியலை."

"தெரியலையா?" அவர் எழுந்தார். "உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கா? உங்க லாபுக்கு எடுத்துண்டு போ. அமிலம் விட்டுப் பார். உங்கப்பா என்ன நிறம் வரார்னு பார்த்துச் சொல்லு."

கூடத்தில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். விஜயம் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆத்துல குளிச்சுட்டு வாங்கோ. சாஸ்திரிகள் வந்துண்டிருக்கார்."

சேஷன் போனார். தெருவின் மறுகோடியில் ஆற்றுப் படிக்கட்டு.

அம்மா அப்போதுதான் எழுந்தாள். விஜயத்தின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அடுப்பு மூட்டாத சமையலறை. அன்று அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. உடல் தெருவைவிட்டுப் போகும்வரை மூட்ட மாட்டார்கள்.

"விஜயம். அவர் சாப்பிடலை."

"எதை?"

"பொடியை. நீ சொன்ன அன்னிலேந்து. பொட்டலத்தைப் பிரிச்சு இங்கே கொட்டி, ஒரு சொம்பு ஜலம் விடுவர்." பாத்திரம் கழுவும் அங்கணத்தைக் காட்டினாள். "தேனை மட்டும் நக்கிண்டு வருவர்."

விஜயம் அங்கணத்தைப் பார்த்தாள். சிமெண்டுத் தரை கழுவிவிட்டதுபோல இருந்தது.

"ஏன்மா என்கிட்டே சொல்லலை?"

"சொல்லாதேன்னார். நீ சண்டை போடுவையாம். கையெழுத்துப் போட்டதை அழிக்க முடியாது, முழுங்காம இருக்கவாவது முடியுமேன்னார். இழுப்பு வந்தா வரட்டும், தாங்கிக்கறேன்னார்." அம்மா சொம்பைக் கவிழ்த்துவைத்தாள். "கெட்டது உடம்பைவிட்டுப் போனா நல்லதுதானேன்னு நானும் விட்டுட்டேன். வாந்தி எடுத்தப்போ, அதெல்லாம் வெளியே வரதுன்னு நினைச்சேன்."

விஜயம் அம்மாவின் கையை விடவில்லை. பிறகு அங்கணத்துக் குழாயைத் திறந்தாள், மூடினாள்.

"நீ போய் உட்காரு," என்றாள். "நீ ஒண்ணும் பண்ணலை."

அம்மா போய் உட்கார்ந்தாள். கூடத்தில் அவள் அழும் சத்தம் கேட்டது. விஜயம் சமையலறைச் சுவரில் கைவைத்து அந்தச் சத்தம் அடங்கும்வரை நின்றாள்.

வெளியே வந்தபோது சுசீலாபாய் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"சரஸ்வதி டீச்சர் வரமுடியலைன்னு வருத்தப்பட்டா. அவளுக்கும் நேத்திலேந்து சர்த்தி, விடாம வாந்தி. எழுந்தா தலை சுத்தறதாம். குழாய்த் தண்ணியிலே என்னமோ இருக்கு. முனிசிபாலிட்டியை என்ன சொல்ல."

விஜயம் திரும்பினாள்.

"டீச்சர் சித்தப்பா பொடி சாப்பிடறாளோ?"

"பின்னே? பத்து வருஷமா அதுலதானே ஓடறது வண்டி. கடை மூடினப்புறம் எங்கே கிடைக்கும்? கையிலே இருந்தது தீர்ந்துபோச்சுன்னு புலம்பினாளே."

விஜயம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"எடீ, எங்கே போறாய்? அப்பாவைப் போட்டுட்டு, தீட்டோட இன்னொருத்தர் ஆத்துக்குள்ளே..."

"தீட்டைக் கழுவிக்கலாம்," என்றாள் விஜயம். சுசீலாபாய் ஒரு கணம் நின்றாள். பிறகு அவளும் பின்னால் வந்தாள்.

டீச்சர் வீடு ஆற்றுப் பக்கம், கடைசிக்கு முந்தையது. கதவு சாத்தியிருக்கவில்லை. சரஸ்வதியம்மாள் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். பக்கத்தில் ஒரு பித்தளைப் பாத்திரம். தனி ஆள். இந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். உடம்பு எலும்பாக இருந்தது. முகம் மட்டும் வட்டமாக, பளபளப்பாக இருந்தது. அப்பாவின் முகம்போல.

"நீயா? உள்ளே வரப்படாதுடீ."

"வந்தாச்சு, டீச்சர்."

"நன்னா இருக்கு. அங்கே அப்பா கிடக்கார், இங்கே நீ." எழுந்திருக்கப் பார்த்தாள். தலை பாயில் திரும்ப விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். "ஒண்ணுமில்லை. வயத்துக் கோளாறு. உங்கப்பாவுக்கும் இதேதான்னாளே சுசீலா."

"ஆமாம்," என்றாள் விஜயம். "இதேதான்."

கையைப் பிடித்துப் பார்த்தாள். தோல் சில்லிட்டிருந்தது. நாடி நூல்போல ஓடியது. கிடைத்தது, தப்பியது, மறுபடி கிடைத்தது.

"பொடி எப்போ தீர்ந்தது?"

"சனியோ ஞாயிறோ. சேஷன் ஆத்துக்கு ஆள் அனுப்பினேன். ஒரு பொட்டலம்கூட இல்லைன்னுட்டான். நீங்க எல்லாத்தையும் அள்ளிண்டு போய்ட்டேளாமே. சர்க்கார்லே யாருக்காவது இழுப்பா?"

விஜயம் சிரித்தாள். சிரிப்பு வந்ததில் அவளுக்கே திகைப்பு.

"டீச்சர், ஆஸ்பத்திரிக்குப் போறோம். சுசீலாபாய் உங்களோட வருவா."

"எதுக்கு? உங்கப்பாவை எடுக்கட்டும். சாயங்காலம் பார்க்கலாம்."

"சாயங்காலம் முடியாது."

டீச்சர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். வகுப்பில் விடை சொல்கிற பெண்ணைப் பார்க்கிற பார்வை. பிறகு தலையசைத்தாள்.

தெருமுனையில் டிபார்ட்மென்ட் ஜீப் நின்றது. நாகேஸ்வரன் துக்கம் கேட்க வந்திருந்தார். சேஷன் இருப்பதைக் கண்டு இறங்கலாமா வேண்டாமா என்று ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். விஜயம் வேகமாக வருவதைப் பார்த்து இறங்கினார்.

"விஜயம், கேட்டதும் மனசுக்கு ரொம்ப வெஷமமா..."

"சார், ஜீப் வேணும்."

நடந்ததைச் சொன்னாள். அப்பாவையும் டீச்சரையும் சேர்த்துச் சொன்னாள். நாகேஸ்வரனின் முகம் மாறியது. அவர் நல்ல மனிதர். சட்டப்படி எல்லாம் செய்திருந்தார். கடையைப் பூட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தார். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"ஜீப்பை எடுத்துக்கோ. ஆனா அங்கே என்ன சொல்லுவாய்? மூலிகைப் பொடி நிறுத்தினதாலே வந்ததுன்னா டியூட்டி டாக்டர் சிரிப்பான். வாந்தின்னு சொல்லி சலைன் ஏத்தி வராந்தாவிலே போடுவான். ரிப்போர்ட் இன்னும் வரலை. நானும் எழுதிக்கொடுக்க முடியாது. என்ன மருந்து, எத்தனைன்னு நமக்கே தெரியாது."

"தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார்."

நாகேஸ்வரன் தெருவைப் பார்த்தார்.

"சொல்லமாட்டார். சொன்னா அதுவே சாட்சி. ஜெயில்."

"கேட்கறேன். நீங்களும் வாங்கோ."

"நான் வந்தா எப்படிச் சொல்லுவார்?"

"நீங்க இல்லாதப்போ சொல்லவெச்சு, அப்புறம் அதை உங்ககிட்டே வந்து சொன்னா அது ஏமாத்து. நீங்க வாங்கோ."

அவர் டிரைவரிடம் திரும்பினார். ஜீப் தெருவுக்குள் நுழைந்தது. பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் பச்சை மூங்கிலைச் சுவரோரம் இழுத்துக்கொண்டார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "க்ஷமிக்கணே, க்ஷமிக்கணே," என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஆற்றுப் பக்கம் போனார்.

சேஷன் குளித்துவிட்டு வந்திருந்தார். ஈர வேட்டியிலிருந்து வாசல்படியில் தண்ணீர் சொட்டியது. சாஸ்திரிகள் தர்ப்பையை முறுக்கி மோதிரமாக்கி அவர் விரலில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, ஒண்ணு கேட்கணும்."

சேஷன் அவளைப் பார்த்தார். பின்னால் நின்ற நாகேஸ்வரனைப் பார்த்தார்.

"இங்கேயும் கூட்டிண்டு வந்துட்டயா? என்ன, அண்ணாவுக்கும் சீல் வெக்கணுமா?"

"டீச்சர் சாகக் கிடக்கா. பொடி நின்னதாலே. அதிலே என்ன போட்டேள், எத்தனை போட்டேள், ரெண்டும் சொல்லுங்கோ."

"மூலிகை."

"சித்தப்பா."

"லேபிள்லே போட்டிருக்கேனே. படிக்கத் தெரியாதோ?"

சாஸ்திரிகள் இருமினார். "நேரமாறது. ராகுகாலத்துக்கு முன்னாடி எடுக்கணும்."

"எடுக்கலாம்," என்றாள் விஜயம். குரலை உயர்த்தவில்லை. "சித்தப்பா, சொன்னா கேஸ் பலமாகும். அதை மறைச்சு உங்ககிட்டே கேட்கலை. இன்ஸ்பெக்டர் கேட்டுண்டுதான் நிக்கறார். சொல்லலைன்னா டீச்சர் இன்னிக்குப் போய்டுவா."

"அதெப்படி உனக்குத் தெரியும்?"

"அப்பா அப்படித்தான் போனார்."

"கடைசி வரைக்கும் சாப்பிட்டார்னு சொன்னாயே."

"அப்படி நினைச்சேன். சாப்பிடலை. இப்போதான் அம்மா சொன்னா. நான் சொன்ன அன்னிலேந்து பொடியை அங்கணத்திலே கொட்டிட்டு, தேனை மட்டும் நக்கிண்டிருந்தார்."

சேஷனின் வாய் அசைந்தது.

"ஏன்?"

"அந்த ப்ரூஃப் பார்த்தது அவர்."

பாடை கட்டுகிறவன் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றான். சேஷன் திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். வாசலிலிருந்து பார்த்தால் சேர்த்துக் கட்டிய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. வெகுநேரம் பார்த்தார்.

"ப்ரெட்னிசலோன்," என்றார் சேஷன். கூடத்தைப் பார்த்தபடியே சொன்னார். "அஞ்சு மில்லிகிராம் மாத்திரை. பொடிச்சுச் சேர்ப்பேன். பொட்டலத்துக்கு ஒண்ணு."

"டீச்சருக்கும் ஒண்ணா?"

"பழைய ஆளுக்கெல்லாம் ரெண்டு. ஒண்ணுக்குக் கேட்கமாட்டேங்கும்." விரலில் இருந்த தர்ப்பை மோதிரத்தைத் திருகினார். "டீச்சருக்கு ரெண்டு. மூணு வேளை."

விஜயம் நாகேஸ்வரனைப் பார்த்தாள்.

"நாளுக்கு ஆறு மாத்திரை, முப்பது மில்லிகிராம். பத்து வருஷம். நாலஞ்சு நாளா நின்னுபோச்சு. இதைச் சொல்லுங்கோ, போதும். டாக்டர் சிரிக்கமாட்டார்."

"முப்பது. பத்து வருஷம்," என்றார் நாகேஸ்வரன். ஓரடி எடுத்துவைத்து நின்றார். "சேஷன், நான் கேட்டது கேட்டதுதான். எழுதாம இருக்க முடியாது."

"எழுதிக்கோங்கோ," என்றார் சேஷன். பிறகு, யாரும் கேட்காமலே, "அண்ணாவுக்கும் ரெண்டுதான்," என்றார்.

நாகேஸ்வரன் டீச்சர் வீட்டுக்கு ஓடினார்.

விஜயம் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"கேட்டேளே. உங்களிலே யார் யார் பொடி சாப்பிடறேளோ, தானா நிறுத்தாதீங்கோ. கையிலே இருந்தா இன்னிக்கும் சாப்பிடுங்கோ. இல்லைன்னா இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. சித்தப்பா சொன்னதை அங்கே அப்படியே சொல்லுங்கோ. தெரிஞ்சவாளுக்கும் சொல்லி அனுப்புங்கோ. ரேடியோவிலே சொல்லவைக்கறது எங்க வேலை."

ஸ்ரீகண்டன் மாமா தொண்டையைச் செருமினார்.

"என்கிட்டே கொஞ்சம் இருக்கு. அப்போ, சாப்பிடணுங்கறாய்?"

"சாப்பிடணும். நாளைக்குக் காலம்பற டாக்டரைப் பார்க்கணும்."

"பொய் மருந்துன்னு கடையைப் பூட்டினதும் நீங்கதான். அதையே சாப்பிடுன்னு சொல்றதும் நீங்கதான்."

"ஆமாம், மாமா."

"நன்னா இருக்கு உங்க டிபார்ட்மென்ட்," என்றார் அவர். சொல்லிவிட்டு வேகமாகத் தன் வீட்டுக்குள் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

பிறகு, ராகுகாலத்துக்கு முன் முடிக்க, எல்லாம் முறைப்படி வேகமாக நடந்தது. சாஸ்திரிகள் சொன்னதைச் சேஷன் செய்தார். மந்திரத்தைத் திரும்பச் சொல்லும்போது ஓரிடத்தில் அண்ணாவின் பெயர் வரவில்லை. சாஸ்திரிகள் மறுபடி எடுத்துக்கொடுத்தார். அம்மாவும் விஜயமும் வாய்க்கரிசி போட்டார்கள். அப்பாவின் உதட்டோரம் ஒட்டிய அரிசியை விஜயம் விரலால் எடுத்து உள்ளே வைத்தாள்.

உடலைப் பாடையில் ஏற்றினார்கள். நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். சேஷன் கயிறு கட்டிய தீச்சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பெண்கள் வாசல்வரைதான் போகலாம். விஜயம் நிலைப்படியில் நின்றாள். பின்னால் கூடத்தை அலம்ப யாரோ வாளியில் தண்ணீர் நிரப்பினார்கள். தெரு நேராக இருந்ததால் முனைவரை தெரிந்தது.

ஆற்றுப் பக்கத்திலிருந்து ஜீப் வந்தது. எழுப்பினால் மயங்கிய டீச்சரைத் தூக்கி வைப்பதற்குள் நேரமாகியிருந்தது. தெருவைவிட்டு வெளியே போக அந்த ஒரு வழிதான். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. பாடைக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்து வந்தார்.

சேஷன் எஞ்சின் சத்தம் கேட்டுத் திரும்பினார். நின்றார்.

"எடுத்தப்புறம் நிக்கப்படாது," என்றார் சாஸ்திரிகள்.

சேஷன் சுவரோரம் ஒதுங்கினார். தோள் கொடுத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் ஒதுங்கினார்கள். பாடை ஒருபக்கம் சாய்ந்து, நேரானது. அப்பா நான்கு தோள்களின்மேல் காத்திருந்தார்.

ஜீப் அவரைக் கடந்தது. முன்சீட்டில் நாகேஸ்வரன். பின்சீட்டில் சுசீலாபாயின் மடியில் டீச்சரின் தலை. வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஜீப்பின் பக்கங்களில் திரை கிடையாது, கண்ணாடியும் கிடையாது.

சட்டியில் வரட்டி கனன்றுகொண்டிருந்தது. ஆற்றுக் காற்றில் புகை தெருவின் குறுக்கே ஜீப்பை நோக்கிச் சாய்ந்தது. சேஷன் அதைப் பார்த்தார். சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அகலமான முதுகு. புகை முழுவதும் அவர் முகத்திலும் மார்பிலும் ஏறியது. அவர் அசையவில்லை. ஜீப் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகுதான் இருமினார்.